கொண்டைக்கடலையைக் குறையுங்கள், புல்லைக் கூட்டுங்கள்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம், மூன்றாவது மாடி. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று போன வருஷம் சிவாஜிநகரில் ஒரு ஜோடி முயல் வாங்கி பால்கனியில் ஒரே கூண்டில் வளர்க்கிறோம். பெண் முயல் ஒன்பது நாளைக்கு முன்னால் ஆறு குட்டி போட்டது. குட்டிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. தாயின் புழுக்கைதான் மாறிவிட்டது. வழக்கமான உருண்டைகளோடு, கறுப்பாக, பளபளவென்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக ஏதோ போடுகிறது. நாற்றம் தாங்கவில்லை. அதுவும் மத்தியானத்தில். சில உருண்டைகள் முடியில் கோத்து வரிசையாகத் தொங்குகின்றன. குட்டிகள் படுத்திருக்கும் பெட்டிக்குள்ளும் புழுக்கை போடுகிறது. ஒருநாள் தன் கழிவைத் தானே வாயால் எடுத்துத் தின்றதைப் பார்த்து என் மகள் அழுதுவிட்டாள். பால் கொடுக்கிற உயிர் என்பதால் ஊறவைத்த கொண்டைக்கடலை, சப்பாத்தி, கேரட், காலையில் பிரெட் எல்லாம் கொடுக்கிறேன். முயல் விற்றவர், தண்ணீர் வைத்தால் கழிச்சல் வரும் என்றார். அதனால் ராத்திரி மட்டும் சின்னக் கிண்ணத்தில் வைக்கிறேன். மாமியார் ஓமத்தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். மெடிக்கல் ஷாப்பில் அமாக்ஸிசிலின் சிரப் கொடுத்தார்கள். இன்னும் கொடுக்கவில்லை, கொடுக்கலாமா? இன்னொரு கவலை, தாய் குட்டிகளிடம் போவதாகவே தெரியவில்லை.
- ஒரு வாசகி, அல்சூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த சிரப். கொடுக்கவே கொடுக்காதீர்கள். வீட்டில் குழந்தைகளுக்குக் காய்ச்சல், தொண்டை வலி என்றால் தரும் அதே மருந்துதான் என்பதால் யாருக்கும் அதைப் பார்த்துப் பயம் வருவதில்லை. முயலுக்கு வாய்வழியாகப் போனால் அது உயிரையே எடுக்கலாம். முயலின் குடலில் செரிமான வேலையைச் செய்வது முக்கியமாக அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின் போன்றவை அவற்றில் நல்லதைக் கொன்றுவிட்டு கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகளுக்கு இடம் விட்டுக் கொடுக்கும். அந்தக் கிருமிகள் விடும் நச்சில் ஓரிரு நாளில் முயல் கழிந்து கழிந்தே செத்துப் போவதும் உண்டு. முயலுக்கு ஒத்துப்போகிற ஆன்டிபயாடிக்குகளும் இருக்கின்றன. ஆனால் எதை, எவ்வளவு, ஊசியாகவா வாய்வழியாகவா என்பதை முயல் பார்த்துப் பழகிய டாக்டர் தீர்மானிக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்காரர் கெட்ட எண்ணத்தில் கொடுத்திருக்க மாட்டார். அவர் மனதில் இருந்தது மனிதக் குழந்தை.

அதே வரிசையில் லோப்பரமைடு மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழிச்சலை நிறுத்த வீட்டில் வைத்திருப்போமே, அது. குடலின் ஓட்டத்தையே அது மந்தமாக்கும். முயலுக்குக் குடல் ஓட்டம் நின்றால் அதுவே பெரிய ஆபத்து. மாமியார் சொன்ன ஓமத்தண்ணீர் அந்த அளவுக்கு விஷமில்லை, ஆனாலும் வேண்டாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பிடிக்காத ஒன்றைப் பிடித்து வைத்துப் புகட்டும்போது மூச்சுக்குழாயில் போய்விடும் அபாயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் மனம் கோணாமல் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது புழுக்கைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெம்பு தந்த வார்த்தை "வழக்கமான உருண்டைகளோடு" என்பதுதான். வழக்கமான உருண்டையும் வருகிறது, கூடவே கொத்தும் வருகிறது என்றால் அது பெரும்பாலும் கழிச்சல் இல்லை. கழிச்சல் என்றால் உருண்டையே இருக்காது. எல்லாம் தண்ணீராகவோ கூழாகவோ போகும், பின்புறம் முழுக்க நனைந்து ஒட்டிக் கிடக்கும், முயலும் சோர்ந்து ஒரு மூலையில் குந்திவிடும்.

முயலுக்கு இரண்டு வகைப் புழுக்கை உண்டு. குட்டி போட்டதால் வந்ததல்ல, எல்லா முயலுக்கும் எல்லா நாளும் உண்டு. ஒன்று நீங்கள் தினமும் பெருக்கித் தள்ளும் காய்ந்த உருண்டை. ஒன்றை எடுத்து வெள்ளைத்தாளில் வைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நல்ல உருண்டை பொலபொலவென்று உதிரும். உள்ளே வெளிர் பழுப்பில் புல்லின் பொடித்த நார் கண்ணுக்கே தெரியும். நாற்றம் கிட்டத்தட்ட இருக்காது. இரண்டாவது வகை, கறுப்பாகப் பளபளக்கும் கொத்து. மேலே ஒரு மெல்லிய கோழைப் படலம் இருக்கும், கை பட்டால் பிசுபிசுக்கும், வாடை தூக்கும். இது கழிவு என்பதைவிட, பாதி வழியில் இருக்கும் சாப்பாடு என்பதுதான் பொருத்தம்.

முயல் தின்னும் புல்லில் பெரிய நார் ஒரு வழியாகவும் பொடித்த சத்தான பகுதி இன்னொரு வழியாகவும் குடலிலேயே பிரிந்துவிடுகின்றன. நார் சீக்கிரமாக உருண்டையாகி வெளியே வந்துவிடும். பொடிப் பகுதி பின்னோக்கித் தள்ளப்பட்டு சீக்கம் என்ற பெரிய குடல்பைக்குள் போகும். அங்கே நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து பி வகை வைட்டமின்கள், வைட்டமின் கே, நல்ல புரதம் எல்லாம் உண்டாக்குகின்றன. ஆனால் சீக்கம் இருப்பது சிறுகுடலுக்கு அப்புறம். அங்கே விளைந்த சத்தை முழுசாக உறிஞ்ச வேண்டுமென்றால் அதை இன்னொரு முறை வயிற்றுக்கு அனுப்ப வேண்டும். அதனால்தான் முயல் தலையைக் குனிந்து, ஆசனவாயிலிருந்து நேராகவே அந்தக் கொத்தை வாயில் வாங்கி, மெல்லாமல் விழுங்கிவிடுகிறது. கோழைப் படலம் இருப்பதால் வயிற்று அமிலம் உடனே அதைக் கரைத்துவிடாது. உங்கள் மகள் பார்த்தது இதைத்தான். அசிங்கம் ஒன்றும் இல்லை, மாடு அசைபோடுவதற்குச் சமம் என்று அவளிடம் சொல்லுங்கள். தடுத்தால்தான் முயலுக்கு உடம்பு கெடும்.

அதுவும் மத்தியானத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கவனிப்பு. குட்டி இல்லாத முயல் இந்த வேலையை நாம் கவனிக்காத ஓய்வு நேரத்தில் ஒரே மூச்சாகச் செய்து முடித்துவிடும். பால் கொடுக்கும் முயலுக்கு இது இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பங்கு விடியற்காலைப் பக்கம், இன்னொரு பங்கு பிற்பகலில். இரவில் குட்டிகளைக் கவனிக்க வேண்டியிருப்பதால் நேரம் இப்படி மாறுகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணம். ஆகவே கொத்துப் புழுக்கை பகலில் கண்ணில் படுவது தாய் முயலுக்கு இயல்பு. நேரம் மாறியது கவலையில்லை.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கொத்து ஏன் தரையில் கிடக்கிறது? ஆரோக்கியமான முயல் அதை மிச்சம் வைக்காது. எப்போதாவது ஒன்றிரண்டு சிதறினால் விட்டுவிடலாம். தினமும் பெருக்குகிற அளவுக்குக் கிடக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. சாப்பாட்டில் மாவும் புரதமும் அளவுக்கு மிஞ்சி, அதற்கு அந்தக் கொத்து தேவைப்படவில்லை. அல்லது குனிந்து எடுக்க முடியவில்லை. உடம்பு பெருத்திருந்தாலோ, பால் கட்டி மடி கனத்திருந்தாலோ, பின்னங்காலில் புண் இருந்தாலோ எட்டாமல் போகும்.

உங்கள் வீட்டில் முதல் காரணம்தான் என்று நினைக்கிறேன். கொண்டைக்கடலை, சப்பாத்தி, பிரெட், கேரட். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், புல் என்ற வார்த்தையே இல்லை. உங்கள் மேல் தப்பில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சத்தாகக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம், அதே அன்பைத்தான் முயலுக்கும் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் மாவுச்சத்து மிதமிஞ்சிப் போனால் அது சிறுகுடலில் முழுசாகச் செரிக்காமல் சீக்கத்துக்குள் இறங்கி, அங்கே வேண்டாத கிருமிக்கு விருந்தாகிவிடும். முதலில் கொத்து இளகும், அப்புறம் கூழாகும், அதற்கும் அப்புறம் உண்மையான கழிச்சல். இப்போது நீங்கள் முதல் படியில் நிற்கிறீர்கள். இங்கேயே திரும்பிவிடலாம்.

பால் கொடுக்கும் முயலுக்கு அதிகச் சத்து வேண்டும் என்பதும் உண்மைதான், அதை மறுக்கவில்லை. முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நாளில் ஒருமுறை குடித்தே குட்டி ஒரு வாரத்துக்குள் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்காகிவிடுவது அதனால்தான். பால் சுரப்பு மூன்றாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், அதுவரை தாயின் பசி ஏறிக்கொண்டே இருக்கும். வழக்கத்தைப் போல இரண்டு பங்கு தின்றாலும் ஆச்சரியமில்லை. தின்பது கூடினால் உருண்டைகளின் எண்ணிக்கையும் அளவும் கூடும், அதுவும் இயல்பே. அந்தப் பசிக்கு எதைக் கொடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புல், புல், அப்புறமும் புல். இருபத்துநாலு மணி நேரமும் கூண்டில் தீராமல் இருக்க வேண்டும். கடைகளில் வரும் இறக்குமதி டிமோத்தி காய்ந்த புல் நல்லதுதான், விலைதான் கண்ணைக் கட்டும். அதுதான் வேண்டும் என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. நம் ஊர் அருகம்புல் அருமையான தீனி. பிள்ளையாருக்கென்று கட்டுக்கட்டாக விற்பார்களே, கன்னடத்தில் கரிகெ என்பார்கள், அதேதான். சுற்றுவட்டாரத்தில் மாட்டுக்கொட்டில் வைத்திருப்பவர்களிடம் நேப்பியர் புல்லும் ராகி வைக்கோலும் கேட்டுப் பாருங்கள். வைக்கோலில் சத்து குறைவு, ஆனால் குடலை ஓட வைக்கும் நார் அதில் நிறைய. பூஞ்சை வாடை அடிக்கிற வைக்கோலைத் தொடாதீர்கள். இந்த மழைக்காலத்தில் முகர்ந்து பார்க்காமல் எதையும் உள்ளே போட வேண்டாம். ஈரப்புல்லைக் கட்டோடு வைத்தால் நடுவில் சூடேறிப் புளித்துவிடும், அது வயிற்றை உப்ப வைக்கும். வந்ததும் பிரித்து நிழலில் உதறிப் போடுங்கள். ஏரிக்கரையிலும் நடைபாதை ஓரத்திலும் பறித்த புல் வேண்டாம், நாய் மூத்திரமும் மருந்தடித்ததும் யாருக்குத் தெரியும்.

சத்துக்கு என்ன செய்வது? குதிரைமசால் (லூசர்ன்) என்ற தீவனப் பயிரைக் கொடுங்கள். அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். அதனாலேயே சாதாரண வளர்ந்த முயலுக்கு அதைத் தினமும் கொடுக்காதீர்கள் என்போம். பால் கொடுக்கும் இந்த நேரத்தில் அதே குணம் நன்மை. வேலிமசால் என்ற தீவனச் செடி கிடைத்தால் அதுவும் சரி. முயல் தீவனம் என்று விற்கும் குச்சித் தீவனத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், விதையும் கலர்த் துண்டும் கலந்த பாக்கெட்டாக இல்லாமல் ஒரே மாதிரிக் குச்சியாகப் பார்த்து வாங்குங்கள். மற்றபடி கொத்தமல்லி, முள்ளங்கி இலை, கொஞ்சம் முருங்கைக்கீரை. ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போனால் கேரட்டின் தலையில் இருக்கும் இலையை வியாபாரிகளே கிள்ளிப் போடுவார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். முயலுக்குக் கேரட்டைவிட கேரட் இலை நல்லது. கிழங்கில் சர்க்கரை, விரல் அளவு துண்டு வாரத்தில் ஓரிரு தடவை போதும்.

இதோடு ஒரு எச்சரிக்கை, பெங்களூர்க்காரர்களுக்கு. பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) ஜூஸ் போட்ட பின் மிஞ்சும் தோலையோ சதையையோ முயலுக்குப் போடாதீர்கள். மாடி வீட்டுத் தோட்டங்களில் அந்த மரமே இருக்கிறது, இலையும் ஆகாது. இலைதான் இன்னும் மோசம். அதிலுள்ள பெர்சின் என்ற நஞ்சு முயலின் இதயத்தைக் கெடுக்கும், பால் கொடுக்கும் பிராணிகளுக்கு மடியையும் வீங்க வைத்துப் பாலை நிறுத்திவிடும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குச் செடி, அரளி இவையும் கூடாது.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள். பிரெட்டையும் சப்பாத்தியையும் இன்றைக்கே நிறுத்தலாம், அதில் நஷ்டமில்லை. ஆனால் கொண்டைக்கடலையை நாளுக்கு நாள் குறைத்து ஒரு வாரத்தில் முடியுங்கள். பச்சைப் புல்லும் கீரையும் இதுவரை தின்று பழகாத முயலாக இருந்தால் அதையும் கைப்பிடி கைப்பிடியாகத்தான் ஏற்ற வேண்டும். காய்ந்த புல்லுக்கு மட்டும் அளவு வேண்டாம், முதல் நாளே குவித்துப் போடலாம்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. உங்கள் மேல் இல்லை. முயலுக்குத் தண்ணீர் வைக்காதே, செத்துவிடும் என்று கூண்டோடு சேர்த்து ஒரு உபதேசத்தையும் விற்கிறார்கள். நகரம் பூராவும் இதை நம்பி எத்தனையோ முயல்கள் காய்கின்றன. சாதாரண நாளிலேயே ஒரு முயலுக்கு உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 50 முதல் 150 மில்லி வரை தண்ணீர் தேவை. பால் கொடுக்கும்போது அதைவிடப் பல மடங்கு குடிக்கும். பாலே பெரும்பாலும் தண்ணீர்தானே. தண்ணீர் பற்றாவிட்டால் முதலில் தின்பது குறையும், உருண்டை சிறுத்துக் கருத்துக் கெட்டியாகும், பால் வற்றும், கடைசியில் குடல் நிற்கும். கனமான மண் கிண்ணமோ பீங்கான் கிண்ணமோ வைத்து, காலையும் மாலையும் கழுவி நிரப்புங்கள். இத்தனை நாள் அளவாகக் குடித்த முயல் முதல் நாள் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும், பதற வேண்டாம்.

முடியில் கோத்த உருண்டைக்கு வருகிறேன். குட்டி போடும் சமயத்தில் தாய் தன் வயிற்று முடியையும் தாடைக்குக் கீழே தொங்கும் சதையின் முடியையும் பிடுங்கிப் படுக்கை போடும். அந்த வேலையில் கொஞ்சம் முடி வயிற்றுக்குள்ளும் போகும். உள்ளே போன முடி, குடலில் நார் நிறைய ஓடினால் அதோடு சேர்ந்து இப்படி வெளியே வந்துவிடும். வருவது நல்லதுதான். அடிக்கடி வந்தால், உருண்டைகள் வரவரச் சிறுத்தால், குடல் ஓட்டம் மந்தம் என்று பொருள். மருந்து அதற்கும் புல்லும் தண்ணீரும்தான். நுனியில் தொங்குவதைப் பிடித்து இழுக்காதீர்கள், தானாக விழட்டும்.

குட்டிப் பெட்டிக்குள் தாய் போடும் புழுக்கையைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பால் கொடுக்க வரும்போது தாய் சில காய்ந்த உருண்டைகளை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். கண் திறக்கும் காலத்தையொட்டிக் குட்டிகள் அதைக் கொறிக்கும். தாயின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் குட்டிக்குப் போய்ச் சேரும் வழிகளில் அதுவும் ஒன்று. உங்கள் குட்டிகளுக்கு ஒன்பது நாள், பத்திலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் கண் திறந்துவிடும். ஆகவே பெட்டியைத் தினமும் டெட்டால் போட்டுத் துடைத்து அப்பழுக்கில்லாமல் ஆக்க வேண்டாம். ஈரமான வைக்கோலையும் பிசுபிசுப்பானதையும் மட்டும் எடுத்துவிட்டு, காய்ந்த நாலைந்து உருண்டையை விட்டுவையுங்கள். தாய் பிடுங்கிப் போட்ட முடியை எடுக்காதீர்கள், பெங்களூர் ராத்திரிக்கு அதுதான் கம்பளி. கூண்டின் மற்ற இடங்களைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். காக்சிடியா என்ற ஒட்டுண்ணியின் முட்டை புழுக்கையில் வெளிவந்து, தொற்றும் நிலைக்கு வர ஒன்றிரண்டு நாளாவது ஆகும். அதற்குள் பெருக்கிவிட்டால் குட்டிகள் தப்பும். பிளீச்சிங் பவுடருக்கு அந்த முட்டை அசையாது, கூண்டுத் தட்டில் கொதிநீர் ஊற்றுங்கள்.

தாய் குட்டிகளிடம் போவதில்லை என்கிறீர்கள். போகிறது, நீங்கள் தூங்கும்போது. முயல் நாளில் ஒருமுறை, சில சமயம் இரண்டு முறை, மூன்று நாலு நிமிஷம் மட்டும் பால் கொடுக்கும். மற்ற நேரம் குட்டிப் பக்கம் தலைகூட வைக்காது. காட்டில் நரிக்கும் நாய்க்கும் இடம் தெரியக் கூடாது என்பதற்கான பழக்கம் அது. சந்தேகமாக இருந்தால் காலையில் ஒரு குட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் கை வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டிருக்கும், முடி அடர்வதற்கு முன் என்றால் மெல்லிய தோல் வழியாக உள்ளே வெள்ளையாகப் பாலே தெரியும். குடிக்காத குட்டியின் தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, தொட்டாலே தலையைத் தூக்கித் துழாவும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வைத்தால் இன்னும் நல்லது. இந்த வேலையை மகளிடம் கொடுங்கள், அழுகை நின்றுவிடும்.

குட்டியைப் பார்க்கும்போதே தாயையும் மடியில் வைத்து அடிவயிற்றைத் தடவிப் பாருங்கள். எட்டுக் காம்பு இருக்கும், சிலதுக்குப் பத்து. எதாவது ஒன்று சுடுகிறதா, கல்லாகக் கட்டியிருக்கிறதா, சிவந்தோ நீலம் பாரித்தோ இருக்கிறதா? இருந்தால் மடிவீக்கம், அன்றைக்கே டாக்டர். கொத்துப் புழுக்கையை எட்டி எடுக்க முடியாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று மேலே சொன்னேன். பின்புறத்தையும் பாருங்கள். பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, உடனே ஈரம் போகத் துணியால் ஒற்றுங்கள். ஒட்டியதை அப்படியே விட்டால் இந்த மாதங்களில் ஈ முட்டை வைத்துவிடும், ஒரே நாளில் புழு. ஈயை விரட்ட நாய்க்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயை எடுத்துவிடாதீர்கள், முயலுக்கு அது நஞ்சு.

போகிற போக்கில் இன்னொன்று. முயலின் மூத்திரம் சாதாரணமாகச் சுண்ணாம்பு கலந்த மாதிரி வெள்ளையாக இருக்கும். இப்போது தெளிவாகப் போனால் பயப்படாதீர்கள், அந்தச் சுண்ணாம்பு பாலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆரஞ்சு, சிவப்பு நிறமும் தின்ற இலையைப் பொறுத்து வருவதுண்டு. கட்டியாக ரத்தம் தெரிந்தால்தான் வேறு கதை.

எப்போது இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்க வேண்டும்? பன்னிரண்டு மணி நேரமாக உருண்டையே விழவில்லை, தீனியைத் தொடவில்லை, குறுகிக் குந்திக்கொண்டு பல்லை நறநறக்கிறது, காது சில்லென்றிருக்கிறது, வயிறு உப்பித் தட்டினால் டொக்கென்கிறது - இதில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. தண்ணீராகப் போனாலும் அப்படியே. புழுக்கைக்குப் பதிலாகத் தெளிந்த ஜெல்லி மாதிரி கோழை வந்தால் அது தனி நோய். பால் மறக்கும் குட்டிகளுக்குத்தான் அதிகம் வரும், ஈன்ற தாய்களையும் விடுவதில்லை. குட்டிகளில் எதற்காவது பின்புறம் மஞ்சளாக நனைந்திருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள், அவ்வளவு சின்ன உடம்பில் நீர் வற்ற நேரமே ஆகாது. அருகிலுள்ள கிளினிக்கில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்றால் ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது முயலைப் பட்டினி போட்டுக் கொண்டு போகாதீர்கள். வாந்தி வராத பிராணிக்கு ஊசிக்கு முன் வெறும் வயிறு தேவையில்லை, பட்டினிதான் கெடுதல். புதிதாக விழுந்த புழுக்கையில் இரண்டு வகையையும் தனித்தனிச் சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டு போங்கள். கைப்பேசியில் எடுத்த போட்டோவைவிட மைக்ரோஸ்கோப்புக்கு அது ஆயிரம் விஷயம் சொல்லும்.

அந்த நிலைமை வராது என்றே நினைக்கிறேன். இன்று ராத்திரி தட்டில் வெள்ளைத்தாள் விரித்து வையுங்கள். காலையில் எத்தனை உருண்டை, எத்தனை கொத்து என்று பாருங்கள். எண்ணக்கூட வேண்டாம், கண் அளவே போதும். நல்ல முயல் நாளைக்கு நூற்றுக்குக் குறையாமல் உருண்டை போடும். தீனியை மாற்றிய பின் நாலைந்து நாளில் கொத்துகள் தாளிலிருந்து குறைய ஆரம்பிக்க வேண்டும், இரண்டு வாரத்தில் அநேகமாக மறைந்துவிட வேண்டும். புல் மட்டுமே தின்றும் மறையவில்லை என்றால் எடை, மடி, கால், பல் இவற்றை ஒரு டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டும். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். பிரெட்டும் சப்பாத்தியும் தின்று வளர்ந்த முயலுக்குக் கடைவாய்ப் பல் தேயாமல் கூர்மையாகி நாக்கைக் குத்துவது சகஜம். வாய் வலித்தால் புல்லும் இறங்காது, கொத்தையும் எடுக்காது.

குட்டிகள் மூன்றாவது வாரத்தில் பெட்டியை விட்டு வெளியே வந்து தாயின் தீனியைக் கொறிக்கும். அப்போது தட்டில் இருப்பது கொண்டைக்கடலையாக இருந்தால் அடுத்த கடிதம் இதைவிடக் கவலையோடு வரும். பால்குடிக் குட்டியின் வயிற்றில் பெரிய முயல் அளவுக்கு அமிலம் கிடையாது, தாயின் பால்தான் கிருமியைத் தடுக்கிறது. பால் குறைந்து மாவு கூடும் நாலு முதல் எட்டு வாரம்தான் முயல் குட்டிகள் அதிகம் சாகும் காலம். பண்ணையில் நாலு வாரத்திலேயே பிரித்துவிடுவார்கள், அவர்கள் கணக்கு வேறு. வீட்டில் அவசரம் ஒன்றுமில்லை, ஆறு வாரமாவது தாயோடு விடுங்கள்.

அப்படி விட முடியுமா என்பது ஒரு விஷயத்தைப் பொறுத்தது. ஜோடியாக, ஒரே கூண்டில் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண் முயல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறதா? முயல் குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கும். சினைக்காலம் 30 முதல் 32 நாள். இன்றைக்கே ஆணை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். குட்டி போட்ட நாளில் சேர்ந்திருந்தால், இன்னும் மூன்று வாரத்தில் அடுத்த ஈற்று வந்து நிற்கும். பால் கொடுத்துக்கொண்டே வயிற்றிலும் சுமக்கும் உடம்புக்குப் புல்லும் தண்ணீரும் இன்னும் கூடுதலாக வேண்டும், இந்தக் குட்டிகளையும் 28ஆம் நாளுக்குள் தாயிடமிருந்து பிரிக்க வேண்டிவரும். குட்டி போட்டு இரண்டு வாரம் ஆனதும் தாயை டாக்டரிடம் கொண்டுபோய் வயிற்றைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், சினையா இல்லையா என்று அவரே சொல்லிவிடுவார். ஆணுக்குக் கருத்தடை செய்வதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். செய்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேலேயே இரண்டையும் ஒன்றாக விடக் கூடாது.